அணிலைக் கொன்ற நாய் பிள்ளையைக் கடிக்குமா?

வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் ஆசைப்பட்டதற்காக வாங்கிய ஜக் ரஸல் டெரியர் கடுவனுக்கு இப்போது 14 மாதம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணித்தியாலம் நடத்தியும் அது அடங்கவில்லை. சோபாவைக் கிழிக்கிறது, மின்தூக்கிச் சத்தம் கேட்டதும் குரைக்கிறது, உங்கள் மாமியாரின் லவ் பேர்ட்ஸ் கூண்டின் கீழே மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. சென்ற வாரம் கீழ்த்தள வாசலில் ஓர் அணிலைப் பிடித்து, உங்கள் ஆறு வயது மகளின் கண்முன்னே உலுக்கிக் கொன்றுவிட்டது. பயிற்சியாளர் ஒருவர் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியையும் கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் பரிந்துரைத்திருக்கிறார். இந்த இனத்தைத் தொடர்மாடியில் வளர்க்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்தாலும், அணிலைக் கொன்ற வாய் நாளை என் பிள்ளையின் மீது பாயுமா என்ற கேள்விதான் உங்களை இரவில் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எனவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத் தொடர்மாடிக்கு வருகிறேன்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, கொழும்பிலும் தெஹிவளையிலுமாக 20 ஆண்டுகளுக்கு மேல் நாய் பூனைகளைப் பார்த்து வருபவன். வீட்டிலும் அடுத்தடுத்து இரண்டு டெரியர்களை வளர்த்திருக்கிறேன். ஆனால் விலங்கு நடத்தையியலில் தனிப் பட்டம் பெற்றவன் அல்லன். உங்கள் நாயை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே இனத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நாயைப் பற்றிச் சொல்வதை, தொலைவிலிருந்து ஒருவர் செய்யும் ஊகமாக மட்டுமே கொள்ளவேண்டும்.

வேட்டையும் கோபமும் நாயிடத்தில் ஒன்றல்ல என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். கோபத்தாலோ அச்சத்தாலோ கடிக்க வரும் நாய், எதிரில் நிற்பவரை விலகிப் போகச் செய்யவே விரும்புகிறது. அதனால்தான் அது உறுமுகிறது, பல்லைக் காட்டுகிறது, முதுகு மயிரைச் சிலிர்க்கிறது. வேட்டையாடும் நாய்க்கு இரை விலகிப் போகக்கூடாது. அது உறுமாது, எச்சரிக்காது, அதன் முகத்தில் சினத்தின் சாயலே இராது. அணிலைப் பிடித்த கணத்தில் உங்கள் நாய் காதை முன்னே குத்தி, வாலை நிமிர்த்தி, சொல்லப்போனால் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும். நாயின் வேட்டை என்பது கவனித்தல், உற்று நோக்கல், பதுங்கல், துரத்தல், கவ்வல், கொல்லக் கடித்தல், கிழித்தல், உண்ணல் என்று தொடரும் ஒரு சங்கிலி. மனிதர்கள் வேலைக்காக இனங்களை உருவாக்கியபோது இச்சங்கிலியின் சில கண்ணிகளை வலுவாக்கி, சிலவற்றை மழுங்கடித்தார்கள். மந்தை மேய்க்கும் நாயிடம் உற்று நோக்கலும் பதுங்கலும் மிஞ்சின. வேட்டையில் வீழ்ந்த பறவையை எடுத்துவரும் நாயிடம் மென்மையாகக் கவ்வும் வாய் மிஞ்சியது. டெரியரிடம் துரத்தலும் கவ்வலும் உலுக்கிக் கொல்லலும் முழு வலுவோடு நின்றுவிட்டன. துணிப் பொம்மையை அது இருபுறமும் உலுக்கியபோது உங்கள் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்திருப்பார்கள். அணிலுக்குச் செய்ததும் அதே செயல்தான்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் முறைப்பாடுகளில் பாதி புரிந்துவிடும். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜோன் ரஸல் என்ற பாதிரியார், ஒக்ஸ்போர்ட்டில் மாணவராக இருந்த 1819 ஆம் ஆண்டில், ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை டெரியரை வாங்கினார். நரி வேட்டையில் பித்துக்கொண்ட அவருக்கு, வளைக்குள் ஒளிந்த நரியைக் கொல்லாமல் வெளியே கிளப்பிவிடும் சிறிய நாய் தேவைப்பட்டது. இன்றைய ஜக் ரஸலின் உடலே அந்த வேலையின் அளவுதான்: உயரம் 25 முதல் 30 சென்றிமீற்றர், எடை 5 முதல் 6 கிலோ, நெஞ்சின் சுற்றளவு 40 முதல் 43 சென்றிமீற்றர். இரண்டு கைகளால் நெஞ்சை வளைத்துப் பிடிக்க முடியாத நாய் நரி வளைக்குள் நுழையாது என்பது பழைய வேட்டைக்காரரின் கணக்கு. மண்ணுக்கடியில் இருட்டில், எசமானின் குரல் கேட்காத இடத்தில், தன்னைவிடப் பெரிய விலங்கொன்றின் முகத்துக்கு நேரே நின்று இடைவிடாமல் குரைக்க வேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் மேலே நிற்பவர்கள் தோண்டும் இடத்தை அறிந்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது, சோபாவின் இடுக்கைத் தோண்டுவது, கதவுக்கு அப்பால் எதுவோ அசைந்தால் ஓயாமல் குரைப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் அந்த வேலைக்கு வேண்டிய தகுதிகள். இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தவற்றை இன்று நாம் குறும்பு என்கிறோம்.

ஆகவே உங்கள் மகளை நாய் அணிலாகப் பார்க்கப்போவதில்லை. மனிதரோடு குட்டிக் காலத்திலிருந்து பழகிய நாய்க்கு ஆறு வயதுப் பிள்ளை இரையின் வரிசையில் வராது. ஆயினும் பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்று நான் எழுதமாட்டேன். ஆபத்து நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. வாயில் இரையோ எலும்போ இருக்கும் டெரியரிடமிருந்து அதைப் பறிக்கப் போகும் கை கடிபடும். வேட்டை வெறியில் இருக்கும் நாயைப் பின்னாலிருந்து வாலையோ இடுப்பையோ பிடித்து இழுப்பவரை அது திரும்பிக் கடிக்கும். யாரைக் கடித்தோம் என்பதுகூட அந்தக் கணத்தில் அதற்குத் தெரியாது. என்னிடம் வந்த டெரியர் உரிமையாளர்களின் கைக் காயங்களில் பெரும்பாலானவை இப்படி விலக்கப் போனவர்களுடையவை. கீச்சிட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளின் பாவாடை நுனியையும் குதிக்காலையும் கவ்வும் பழக்கமும் சில நாய்களுக்கு உண்டு. வாயில் எதையேனும் வைத்திருக்கும் நாயை நெருங்கக்கூடாது என்ற ஒரே விதியை மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். வாயிலிருப்பதைக் கோழி ஈரல் துண்டொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பெரியவர்கள் நாய்க்குத் தினமும் கொடுங்கள். தொட்டில் குழந்தைகளை எந்த நாயோடும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடலாகாது. அதில் இனவேறுபாடு கிடையாது.

இனத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசிய பிறகு, சந்தேகத்துக்குரிய பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஆம் ஆண்டில் 18,000 க்கும் அதிகமான நாய்களின் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்கலாம் என்று காட்டியது. அதே ஆண்டில் வந்த இன்னொரு மரபணு ஆய்வு, டெரியர் வழிவந்த நாய்களிடம் துரத்தும் நாட்டம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. இனம் ஒரு சாய்வைத் தருகிறது. ஒரு குறிப்பிட்ட நாய் அந்தச் சாய்வில் எங்கே நிற்கும் என்பதைப் பெற்றோரும் குட்டிக் காலமும் அன்றாட வாழ்வும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மடியில் படுத்துறங்கும் சோம்பேறி ஜக் ரஸல்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் விவரணையிலிருந்து உங்களுடையது அந்த வகை அல்ல என்று மட்டும் தெரிகிறது.

இனித் தொடர்மாடிக்கு வருவோம். நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஒரு தவறை, அன்பினால் செய்வது என்று தெரிந்தும், வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நாயைக் களைக்கச் செய்தால் அடங்கும் என்று நம்பி நடையை ஒரு மணித்தியாலமாக்கினீர்கள். அது போதாமல் மொட்டை மாடியில் பந்தும் எறிகிறீர்கள். இந்த இனத்தைக் களைக்கச் செய்யும் போட்டியில் மனிதர் வெல்வதில்லை. மூன்று மாதத்தில் நாய் கட்டான உடலோடு இன்னும் அதிகமாக ஓடத் தயாராகிவிடும். நீங்கள்தான் முழங்கால் வலியோடு என்னைப் போன்ற ஒருவருக்குக் கேள்வி எழுதுவீர்கள். பந்தெறிதல் துரத்தல் என்ற ஒரே கண்ணியை நூறு முறை கொளுத்திவிட்டு, மற்றக் கண்ணிகளைப் பட்டினி போடுகிறது. அந்த நாய் விளையாட்டு முடிந்து வீட்டுக்குள் வந்தும் நெடுநேரம் மூச்சிரைத்தபடி அடுத்த அசைவைத் தேடும். உங்கள் சோபா கிழிந்ததெல்லாம் மாலை விளையாட்டுக்குப் பின்னால் என்று நீங்களே எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா?

கொழும்பின் வெக்கையும் இதில் சேர்கிறது. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை; மூச்சிரைத்து நாவிலிருந்து நீரை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் எங்கள் கரையோரத்தில் அந்த ஆவியாதல் மந்தம். உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். மற்ற நாய்கள் நிழலைத் தேடிப் படுத்துவிடும் நேரத்திலும் டெரியர் பந்தைப் பார்த்துக்கொண்டே விழும் வரை ஓடும். ஆகவே நடை காலை ஏழு மணிக்கு முன்னரும், வெயில் தணிந்து தார் வீதி ஆறிய பின்னரும் மட்டும் இருக்கட்டும். தள்ளாடினால், ஈறுகள் செந்நிறமாகச் சிவந்தால், குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி மின்விசிறியின் கீழ் வைத்துக் குளிரச் செய்துவிட்டே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். முச்சக்கர வண்டி தேடுவதில் முதல் பத்து நிமிடம் போய்விடக்கூடாது.

ஓட்டத்துக்குப் பதிலாக மூக்குக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் என் பதிலின் நடுக்கருத்து. காலை நடை ஒரு மணித்தியாலம் வேண்டாம், 35 நிமிடம் போதும். ஆனால் அந்த நேரத்தில் மதிலடியையும் மரத்தடியையும் அது விரும்பிய மட்டும் மோந்து பார்க்கட்டும், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் உணவைக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்திவிடுங்கள். அரைக் கோப்பை உணவை ஐந்தாறு கடதாசிப் பெட்டிகளுக்குள் கசங்கிய தாளோடு போட்டு, வீட்டின் வெவ்வேறு மூலைகளில் வைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். அடுத்த கட்டமாக, வெந்நீரில் அலசி உப்பு நீக்கிய நெத்தலிக் கருவாடு ஒன்றைத் துணிப்பையில் கட்டி, அறைக்குள் இழுத்து வாசனைத் தடம் போட்டு ஒளித்து வைக்கலாம். அதைக் கண்டுபிடித்து வந்தால் வேறொரு நல்ல தீன் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டை நெத்தலிக்காக ஒரு புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்தது. புத்தகங்களுக்கு நடுவே ஒளித்தது என் குற்றம். பத்து நிமிடத் தேடல் அரை மணி ஓட்டத்தைவிட அதிகமாக நாயை அமைதியாக்குகிறது என்பது என் அனுபவம். அறிவியல் ஆதாரம் இன்னும் மெல்லியதே. 20 நாய்களை மட்டும் கொண்ட ஓர் ஆய்வு, இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடியவை சந்தேகமான சூழ்நிலையைக் கூடுதல் நம்பிக்கையோடு அணுகியதாகக் கண்டது. நம்பிக்கை தரும் தொடக்கம் அது. முடிந்த முடிவு அல்ல.

தோண்டுவதற்கும் கிழிப்பதற்கும் இடம் கொடுக்காவிட்டால் அது சோபாவைத்தான் தேர்ந்தெடுக்கும். பல்கனியில் அகன்ற பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றில் முக்கால் பங்கு மணல் நிரப்பி, அதற்குள் தீன் துண்டுகளைப் புதைத்து வையுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியை மூடிவிடுங்கள். மழைநீர் தேங்கினால் நாய்க்கு முன்னர் நுளம்பும், நுளம்புக்குப் பின்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து சேர்வார்கள். கிழிப்பதற்குப் பழைய காற்சட்டைத் துணி முடிச்சுகளும் கடதாசிப் பெட்டிகளும் நல்லவை. இளநீர்க் கோம்பையைக் கொடுப்பவர்கள் உண்டு, நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் தும்பை விழுங்கும் நாய்க்குக் குடலடைப்பு வரும், ஆதலால் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும். துரத்தலை முற்றாக மறுக்கவும் வேண்டாம். ஒரு நீண்ட கம்பின் நுனியில் கயிறும் துணியும் கட்டி, நிலத்தோடு நிலமாக இழுத்து நாயைத் துரத்த விடலாம். நீங்கள் சொல்லும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், சொன்னபின் துரத்த வேண்டும், பிடித்ததை உலுக்கியபின் சொல்லுக்கு விடவேண்டும். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். உச்சக் கிளர்ச்சியிலும் உங்கள் குரலைக் கேட்கும் பழக்கம் இந்த ஒரு விளையாட்டில் வளர்வதுபோல வேறெதிலும் வளர்ந்து நான் கண்டதில்லை.

ஓய்வையும் கற்பிக்க வேண்டும் என்பதைப் பலர் நம்புவதில்லை. வளர்ந்த நாயொன்று நாளில் பாதிக்கு மேல் உறக்கத்திலும் ஓய்விலும் கழிக்கும். வீட்டில் ஐந்து பேரும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் நடமாடும் தொடர்மாடியில் டெரியர் தானாக உறங்காது, எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று விழித்திருக்கும். வாசற்கதவிலிருந்து தொலைவாக, ஆட்கள் கடந்து போகாத அறையொன்றில் அதற்கு ஒரு பாயோ திறந்த கூடோ கொடுத்து, நடையும் தேடலும் முடிந்த ஒவ்வொரு முறையும் அங்கே மெல்லுவதற்கு எதையாவது கொடுத்து விடுங்கள். மின்தூக்கிச் சத்தத்துக்கும் இதே பாய் உதவும். சத்தம் கேட்ட உடனே, குரைப்பதற்கு முன்னர், பாயின் மீது நாலைந்து தீன் துண்டுகளைப் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சத்தம் கேட்டதும் அது கதவுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடத் தொடங்க வேண்டும். குரைப்பு அறவே நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அயலவர் முறையிடாத அளவுக்குக் குறையும்.

பூனையையோ அணிலையோ கண்டபின் கூப்பிட்டுத் திருப்பலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். துரத்தல் தனக்குத் தானே பரிசு. நீங்கள் கையில் வைத்திருக்கும் எந்த இறைச்சித் துண்டும் அதற்கு ஈடாகாது. வெள்ளவத்தைக் கடற்கரையில் கயிற்றை அவிழ்த்துவிட ஆசை வரும். அங்கே மணலுக்கும் வீதிக்கும் நடுவே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. ஒரு காகத்தின் பின்னால் தண்டவாளத்தின் மேல் ஓடும் டெரியருக்கு ரயிலின் ஊதல் காதில் விழாது. பத்து மீற்றர் நீளக் கயிறும் நெஞ்சைச் சுற்றிய மார்புப்பட்டியும் போதும், சுதந்திரமும் கிடைக்கும், உயிரும் இருக்கும். நாய் நுழைந்து சென்றுவிடக்கூடிய பல்கனிக் கம்பி இடைவெளிகளுக்கு இன்றே வலை அடியுங்கள். நான்காம் மாடியில் கம்பி விளிம்பில் ஒரு புறா வந்திருந்தால் அந்த நாய் உயரத்தை எண்ணிப் பார்க்காது.

பயிற்சியாளர் சொன்ன இரண்டுக்கும் வருகிறேன். மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியை வாங்காதீர்கள். வேட்டை வெறியிலுள்ள டெரியர் நரியின் பல் முகத்தைக் கிழித்தபோதும் பின்வாங்காதபடி வளர்க்கப்பட்டது. மெல்லிய அதிர்ச்சி அதற்கு உறைக்காது, உறைக்கும் அளவுக்குக் கூட்டினால் அந்த வலியை அது எதனோடு முடிச்சுப் போடும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கணத்தில் அருகில் நிற்பது உங்கள் மகளாக இருந்தால், இதுவரை இல்லாத ஓர் ஆபத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆவீர்கள். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இவற்றுக்குத் தடை இருக்கிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை வேறு விடயம். கடுவனின் ஊர்சுற்றலையும், ஏறுதலையும், கண்ட இடத்தில் மூத்திரம் தெளிப்பதையும் அது பல நாய்களில் குறைக்கும். கட்டாக்காலி நாய்கள் நிறைந்த நகரில் வேண்டாத குட்டிகளையும் தடுக்கும். வேட்டை நாட்டத்தை அது குறைக்காது, ஏனெனில் அந்த நாட்டம் ஆண் சுரப்பைச் சார்ந்தது அல்ல. அச்சமுள்ள நாயை அது இன்னும் அச்சமுள்ளதாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப் போகவில்லை. உங்கள் நாய் அந்நியரைக் கண்டு ஒதுங்கும் வகையானால், அவசரப்படாமல் அதைப் பார்க்கும் வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொழும்பில் வேட்டையாடும் நாய்க்கு இரையே எமனாகலாம். என் முதல் டெரியர் சின்னி, தெஹிவளை வளவில் கானோரப் பெருச்சாளிகளைப் பிடிப்பதில் சூரி. அயலில் எல்லோரும் மெச்சினார்கள், நானும் அகமகிழ்ந்தேன். ஒரு நாள் சோறு தின்னாமல் ஒதுங்கியது, மறுநாள் லேசாக இருமியது. வேலைப் பளுவில், சளி என்று எண்ணி இன்னும் ஒரு நாள் விட்டேன். அதன் ஈறு கடதாசிபோல வெளுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் எலிப் பாஷாணம் என்று உறைத்தது. மற்றவர்களின் நாயாக இருந்திருந்தால் முதல் நாளே உதட்டைத் தூக்கிப் பார்த்திருப்பேன். அது பிழைத்தது, மயிரிழையில். கடைகளில் விற்கும் எலி மருந்துகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று நாய் துள்ளிக் குதிக்கும். இரண்டு முதல் ஐந்து நாட்களின் பின்னரே உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். உயிற்றமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, பல வாரம் கொடுக்க வேண்டும், நேரத்தோடு தொடங்கினால் நன்றாகவே வேலை செய்யும். மருந்துக் கட்டியைத் தின்றது என்றோ, சாகக் கிடந்த எலியைத் தின்றது என்றோ சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். உங்கள் தொடர்மாடியில் எங்கெங்கே எலி மருந்து வைக்கிறார்கள் என்று முகாமையாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்தால் பரவும் இந்த நோய் இலங்கையில் மழைக்காலம் தோறும் மனிதரையும் தாக்குவது நீங்கள் அறிந்ததே. எலியைக் கவ்வும் நாய்க்குச் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகலாம். நோயுற்ற நாயின் மூத்திரத்திலிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். தடுப்பூசி முதலில் சில வார இடைவெளியில் இரண்டு முறையும், பின்னர் ஆண்டுதோறும் தேவை. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று இதை மறந்துவிடுபவர்கள் அதிகம். ஊசியில் அடங்கிய கிருமி வகைகளுக்கு எதிராகத்தான் அது காக்கும் என்பதால், ஊசி போட்ட பின்னரும் தரையிலுள்ள மூத்திரத்தைக் கையுறையோடு கழுவுவது நல்லது. மழை இரவுகளில் தேரையைக் கவ்வி வாய் நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் போகாமல் வாயைத் தண்ணீரால் பல முறை கழுவுங்கள். கால்வாயோரங்களில் கபரகொய்யாவின் வால் அடியும், பற்றைகளில் நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு. பாம்பு தீண்டிய நாய்க்குக் கட்டுப் போடாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இந்த இனத்தின் பரம்பரை நோய்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில் மணித்தியாலங்கள் முக்கியம். கண்ணின் வில்லை இடம்பெயரும் நோய், பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள் வரும். திடீரென்று ஒரு கண் சிவந்து, கலங்கி, நாய் அதைத் திறக்க மறுத்தால், தூசி விழுந்தது என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்காமல் அன்றே காட்டுங்கள்.

வைத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். தொடர்மாடி தடையல்ல, வளவுள்ள வீட்டில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் டெரியரைவிட, நான்காம் மாடியில் தினமும் வேலை கொடுக்கப்படும் டெரியர் நன்றாக இருக்கும். தடை என்று ஒன்று இருந்தால் அது ஆளும் நேரமும்தான். இந்த வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தைத் தவறாமல் கொடுக்கும் வளர்ந்தவர் ஒருவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் என்பது பதிலல்ல. 14 மாதம் என்பது இளம்பருவத்தின் உச்சம். இரண்டு மூன்று வயதில் பொறுமையும் கேட்கும் தன்மையும் கூடும். வேட்டை நாட்டம் போகாது, பத்து வயதிலும் இருக்கும். 2022 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆயுள் அட்டவணையில் ஜக் ரஸல் ஏறத்தாழ 12.7 ஆண்டுகளோடு முதலிடத்தில் இருந்தது. உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயது வரை இது உங்கள் வீட்டில் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நேரம் கொடுக்கவல்லவர் யாருமில்லை என்றால் இப்போதே நல்ல இடம் தேடிக் கொடுப்பதில் வெட்கமில்லை. நல்ல இடம் என்றால் கோழி வளர்க்காத, நாயோடு திரிய விரும்பும் வளர்ந்தவர்கள் இருக்கும் வீடு. வேட்டை நாய் என்று கேள்விப்பட்டுத் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டக் கேட்டு யாராவது வருவார்கள். ஆறு கிலோ நாய் பன்றியின் முன்னால் பின்வாங்காது, அதுவே அதன் சாவாகும்.

கடைசியாக லவ் பேர்ட்ஸ். கூண்டுக்கும் நாய்க்கும் நட்பு வரவழைக்கும் முயற்சியை இன்றோடு நிறுத்துங்கள். கூண்டின் கீழே அது அசையாமல் நிற்பதைப் பழகிவிட்டது என்று உங்கள் மாமியார் எண்ணுகிறார், அது காத்திருக்கிறது. நாய் கூண்டைத் தொடாவிட்டாலும், மணிக்கணக்கில் உற்று நோக்கும் ஒரு முகத்தின் முன்னால் அந்தப் பறவைகள் அச்சத்தில் வாடும். கூண்டை மாமியாரின் அறைக்கு மாற்றி, சுவரில் அறைந்த கொளுக்கியில் உயரமாகத் தொங்கவிடுங்கள், கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் வில் ஒன்று பூட்டுங்கள், கதவுக்கு வெளியே பிள்ளைகளுக்குப் போடுவது போன்ற தடுப்புக் கதவொன்றும் இருக்கட்டும். ஒன்று மறந்தால் மற்றது காக்கும். பறவைகளை அறைக்குள் பறக்க விடும் நேரத்தில் நாய் வீட்டில் இருக்க வேண்டாம், யாராவது அதைக் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போயிருக்கட்டும்.